திறந்த வாய்

மதனவதிக்கு அந்த வீட்டில் இரண்டே வேலைகள்தான். விடிகிற நேரத்தில் தெருக்கோடிக் குளத்து மீனுக்குப் பொரி போடுவது ஒன்று. பொழுது இறங்குவதற்குள் புருஷன் வயிற்றுக்குள் நாலு வாய் சோற்றை எப்பாடு பட்டாவது இறக்கிவிடுவது இன்னொன்று. பெருக்குவது, துவைப்பது, தண்ணீர் வடிகட்டுவது எல்லாம் அவளைப் பொறுத்தவரை வேலையே இல்லை. இந்த இரண்டும்தான் அவளையே உருக்கி எடுத்தன. காதுக்கு என்னவோ சின்ன வேலைகள்தான். செய்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

அவள் புருஷன் அப்பாண்டை நயினார் தாமல் பக்கத்து ஆள். இருபத்திரண்டு வருஷம் நெல் அரைக்கிற மில்லில் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று உமித்தூசியையே சுவாசித்தவர். பீடி இல்லை, வெற்றிலைகூட இல்லை. அப்படி இருந்தும் ஐம்பத்து நாலு வயதில் மார்பு பீப்பாய் மாதிரி புடைத்துக்கொண்டது, கை கால் குச்சியாகிவிட்டது. நாலு அடி நடந்தால் நின்று உதட்டைக் குவித்து அடுப்பு ஊதுகிற மாதிரி ஊதுவார். ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதி என்று ஊரை விட்டுப் பிள்ளையார்பாளையத்துக்கு வந்து, இரண்டு தறிக்கார வீடுகளுக்கு நடுவே ஒரு சின்ன வீட்டில் குடியேறி ஒன்றரை வருஷம் ஆகிறது. ஒரே மகள் விஜயாவை வந்தவாசிப் பக்கம் கட்டிக் கொடுத்தாயிற்று. ஆக, இவருக்கு அவள், அவளுக்கு இவர்.

மாசி மாதம் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்.

"நுரையீரலுக்குள்ள திராட்சைக் கொத்து மாதிரி சின்னச் சின்னப் பைங்க இருக்குதும்மா. உள்ள போற காத்து அந்தப் பை வரைக்கும் போவணும். பையோட தோல் ரொம்ப மெல்லிசு. அது வழியாத்தான் நல்ல காத்து ரத்தத்துல கலக்கும், கெட்ட காத்து ரத்தத்துலேர்ந்து வெளியே வரும். இவருக்கு அந்தப் பைங்க கிழிஞ்சி ஒண்ணோட ஒண்ணு சேந்துடுச்சி. உள்ள போன காத்து முழுசா வெளிய வர்றதில்ல. அப்புறம் புதுக் காத்துக்கு ஏது இடம்?"

"கிழிஞ்சத ஒட்டவைக்க முடியாதுங்களா டாக்டர்?"

"முடியாதும்மா. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்திக்கலாம். உடம்புல சதையே இல்ல பாருங்க. மூச்சை இழுக்கிறதுக்கே தெம்பு வேணும். சாப்பாடு குடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, ஆறு வேளையாப் பிரிச்சிக் குடுங்க. சித்திரையில வரச்சொல்லோ எடை இன்னும் கொறைஞ்சிருந்துதுன்னா, எனக்கு நம்பிக்கை இல்ல."

இதில் மதனவதியின் காதில் விழுந்தது இரண்டே விஷயம். சாப்பாடு, எடை. சித்திரைக்குள் இந்த மனுஷனுக்குச் சதை போடாவிட்டால் தாலி நிலைக்காது. கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளையாக என்று அவர் சொன்னதும் விழாமல் இல்லை. ஆனால் அதற்கு அவள் வீட்டு நாளில் இடம் போதவில்லை.

நயினார்கள் என்கிற சமணர் வீடுகளில் பொழுது இறங்கிய பிறகு யாரும் சாப்பிடமாட்டார்கள். அடுப்பும் எரியாது. விளக்கைத் தேடி வருகிற பூச்சி சோற்றில் விழுந்து செத்தால் அந்தப் பாவம் தின்றவனைச் சேரும் என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். மதனவதி பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, இருட்டில் ஒரு பருக்கை உள்ளே போனதில்லை. திருப்பருத்திக்குன்றத்துக் கோயிலுக்குப் போனபோது அங்கிருந்த பெரியவர் ஒருவர், "நோயாளிக்கு விலக்கு உண்டும்மா, பால் கஞ்சின்னு ஏதாவது குடுக்கலாம்" என்றுகூடச் சொன்னார். அவள் கேட்கவில்லை. இத்தனை வருஷம் காத்த நியமம்தான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருக்கிறது, அதையும் விட்டுவிட்டால் எதைப் பிடித்துக்கொள்வது என்று நினைத்தாள். பிடிவாதக்காரி.

ஆகவே ஆறு வேளைச் சாப்பாடும் பகலுக்குள்ளேயே அடங்க வேண்டும். காலையில் இருமி இருமிச் சளி கழிவதற்கே ஒன்பது மணி ஆகிவிடும். மத்தியானம் அசந்து தூங்குவார். மீதி இருப்பது சாயங்காலம். அதை விட்டால் பதினைந்து மணி நேரத்துக்கு வயிறு காலி. எனவே நாலரை மணிக்கே குழையக் குழையப் பிசைந்த பருப்புச் சோறும் நெய்யும் ஒரு பெரிய கிண்ணத்தில் வந்துவிடும். அவரைச் சுவரோடு சாய்த்து உட்கார வைத்து, முந்தானையைச் செருகிக்கொண்டு, யுத்தத்துக்குப் போகிறவள் மாதிரி எதிரே உட்காருவாள்.

ஒரு வாய் வைப்பாள். அவர் மெல்லுவார். விழுங்குவார். விழுங்கியதும் வாயைத் திறப்பார். திறந்த வாயில் அடுத்த கவளம் போய்விடும். ஜன்னல் வழியாக எதிர்ச் சுவரில் விழுகிற வெயில் ஏற ஏற அவள் கையும் வேகமெடுக்கும். "இன்னும் ரெண்டே வாய்ங்க. பொழுது போவுது பாருங்க. எனக்காக." அவர் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும். கழுத்து நரம்பு புடைக்கும். நெற்றியில் வேர்வை துளிர்க்கும். புரையேறிப் பாதிச் சோறு அவள் மேலேயே விழுந்த நாட்களும் உண்டு. அப்போது அவளுக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்தில் ஏதாவது சொல்லிவிடுவாள், சொன்ன பிறகு அழுவாள். கடைசியில் கிண்ணத்தையும் தரையையும் கழுவி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது, இதை நாளைக்கும் செய்யவேண்டுமே என்று மலைப்பாக இருக்கும்.

இத்தனை ஊட்டியும் அந்த மனுஷனுக்கு விரற்கடை சதை போடவில்லை.

அந்த மலைப்பிலிருந்து அவளைத் தூக்கிவிட்டது குளம்தான். உயிர்களுக்கு உணவு கொடுப்பதைப் போலப் புண்ணியம் வேறில்லை என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வளர்ந்தவள். அவருக்கு மூச்சு சீராகும் வரை தினம் ஒரு படி பொரி மீனுக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டாள். தெருவில் தறிக்காரர்கள் விடியலில் நெசவுக்கான பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட்டுக்கொண்டிருப்பார்கள். நூலில் புடவை பட்டுவிடாமல் ஒதுங்கி ஒதுங்கிக் குளத்துக்குப் போவாள். அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. வாய்க்கால் வறண்டு, குளத்தில் எட்டுப் படிக்கட்டு மூழ்க நிற்கவேண்டிய தண்ணீர் நாலு படிக்கட்டுக்குத்தான் இருந்தது.

முதல் நாள் ஏழெட்டு மீன்கள் வந்தன. ஒரு வாரத்தில் ஐம்பது அறுபது. பங்குனி பிறந்தபோது, அவள் போய் நிற்பதற்கு முன்பே நூற்றுக்கணக்கில் மேலே வந்து, முகத்தைத் தண்ணீருக்கு வெளியே நீட்டி, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கெண்டைகள் எல்லாம் வரிசை கட்டி நின்றன. மதனவதிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தன்னை அடையாளம் தெரிந்துகொண்டு காத்திருக்கின்றன என்றே நம்பினாள். ஒரு படி இரண்டு படியாயிற்று.

வீட்டுக்கு வந்ததும் அப்பாண்டையிடம் சொல்வாள். "இன்னிக்கும் வாயைப் பொளந்துக்கினு நிக்குதுங்க. பாவம், இன்னா பசியோ!" அவர் உதட்டைக் குவித்து ஊதிக்கொண்டே தலையை ஆட்டுவார். அவளுடைய நாளில் சந்தோஷமான நேரம் அது ஒன்றுதான்.

அவளைப் பார்த்துத் தெருப் பெண்களும் ஆரம்பித்தார்கள். முதலில் சேர்ந்தவள் பக்கத்து வீட்டுத் தில்லையம்மாள். தறிக்காரர் பெண்டாட்டி, கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். "நயினாரம்மா போடுற பொரிக்கு மீனுங்க கும்பிடு போடுதுங்க" என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்தாள். பொரி, அவல், நேற்றைய சோறு என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்து கொட்டினார்கள். தண்ணீர் பச்சையாகித் தடித்தது. ஒரு மாதிரி நாற்றமும் வந்தது. சாயப் பட்டறைத் தண்ணீர் என்றார்கள் சிலர். யாரோ நகராட்சிக்கு எழுதிப் போட்டார்கள்.

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, இவள் விடியலில் பொரியோடு போனால், கடைசிப் படியில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு மரப்பெட்டி. மீன் இலாகாவிலிருந்து வந்திருக்கிற கலியாணசுந்தரம் என்று சொல்லிக்கொண்டார். மூன்று நாளாகத் தூங்காதவர் மாதிரி முகம்.

"பொரியா? போடாதீங்கம்மா" என்றார்.

"இன்னா சார் இது? பசிச்ச வாய்க்குப் போடாதேன்றீங்க."

"பசி இல்லம்மா அது."

"வாயைத் தொறந்துக்கினு நிக்குதே, உங்களுக்குத் தெரியல?"

அவர் பெருமூச்சு விட்டார். இந்தக் கேள்வியை எத்தனை ஊரில் எத்தனை குளக்கரையில் கேட்டாரோ. பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடி பாட்டிலைக் காட்டினார். அடியில் காப்பி நிறத்தில் ஏதோ மண்டியிருந்தது.

"இது நேத்து மத்தியானம் மூணு மணிக்கு இதே குளத்துல எடுத்த தண்ணி. இதுல ரெண்டு மருந்து விட்டிருக்கேன். தண்ணியில காத்து கலந்திருந்தா இந்த மாதிரி பழுப்பாத் திரியும். இப்போ பாருங்க."

இன்னொரு பாட்டிலைத் தண்ணீருக்குள் அமுக்கி, ஒரு குமிழிகூட இல்லாமல் நிரப்பி எடுத்தார். இரண்டு சின்னக் குப்பிகளிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் விட்டு மூடி, இப்படியும் அப்படியும் சாய்த்தார். உள்ளே புகை மாதிரி ஒன்று திரண்டு மெல்ல இறங்கியது. அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வெள்ளையாக இருந்தது. பழுப்பின் சாயலே இல்லை.

"காத்தே இல்லம்மா" என்றார். "மீனுக்கு நுரையீரல் கெடையாது. செவுள்தான். வாய் வழியாத் தண்ணிய இழுத்துச் செவுள் வழியா வெளிய விடும். அந்தத் தண்ணியில கரைஞ்சிருக்கிற காத்தைச் செவுள்ல ஓடுற ரத்தம் எடுத்துக்கும். தண்ணியில காத்து இல்லேன்னா எத்தன இழுத்தும் பிரயோசனம் இல்ல. அதான் மேல வந்து நிக்குதுங்க. மேல இருக்கிற ஒரு விரல்கடைத் தண்ணியிலதான் கொஞ்சமாவது காத்து ஒட்டும். சோத்துக்கு வாயைத் தொறக்கல. மூச்சுக்குத் தொறக்குது."

"எங்கதான் போச்சு காத்து?"

"நீங்க போடுற பொரியில பாதியக்கூட அதுங்க தின்றதில்ல. மிச்சம் அடியில போயி அழுவுது. அழுவ வெக்கிறதும் உயிருங்கதான், கண்ணுக்குத் தெரியாத உயிருங்க. அதுங்களும் மூச்சு விடணும் இல்ல? இந்தப் பாசி பகல்ல வெயில் இருந்தா காத்தைக் குடுக்கும். ராத்திரி அதுவும் நம்மள மாதிரி காத்தை எடுத்துக்கும். விடியச்சொல்லோ ஒண்ணும் மிச்சம் இருக்காது. ஒரு நாள் முழுக்க மூட்டம் போட்டுச்சின்னா போச்சு, அவ்வளவுதான். விரால் மட்டும் பொழைக்கும். அது மேல வந்து நேராவே காத்தைக் குடிக்கும்."

"அப்போ இதுங்க இப்படி நிக்கச்சொல்லோ நான் இன்னா பண்றது? சும்மா பாத்துக்கினு நிக்கவா?"

"குடத்துல மொண்டு மேலேர்ந்து ஊத்துங்க. விழுற தண்ணியோட காத்து கலக்கும். அதான் இப்போ அதுங்களுக்கு ஆகாரம்."

பெட்டியை மூடிக்கொண்டு அவர் போய்விட்டார். தெருவில் நாலு பேரிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார். யார் கேட்டார்கள்? கோயில் ஊரில் வந்து மீனுக்குப் பொரி போடாதே என்றால் கேட்பார்களா? மதனவதிக்கு மனசு அடித்துக்கொண்டது. வேண்டுதலை நிறுத்தினால் அவருக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். நிறுத்தாவிட்டால் மீனுக்கு ஆகிவிடுமோ என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி கண்டுபிடித்தாள். இரண்டு படியை ஒரு படியாகக் குறைத்துக்கொண்டாள். பயந்தவர்கள் கண்டுபிடிக்கிற வழி எப்போதும் இப்படித்தான் இருக்கும்.

பங்குனி உத்திரத்தன்று தெருவே குளக்கரையில்தான் நின்றது. கூடை கூடையாகப் பொரி விழுந்தது. தண்ணீர் தெரியவில்லை, வெள்ளையாகப் பொரிதான் தெரிந்தது. மதனவதியும் தன் படியைப் போட்டாள். மறுநாள் காலையிலிருந்து வானம் மூடிக்கொண்டது. மழையும் இல்லை, வெயிலும் இல்லை. சாயங்காலம் சுவரில் வெயிலே விழாததால், பொழுது எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் அப்பாண்டைக்கு அவசர அவசரமாக ஊட்டினாள். அன்றைக்கு இரண்டு தடவை புரையேறியது.

அதற்கு அடுத்த நாள் விடியலில் அவள் கையில் பொரி எடுத்துப் போகவில்லை. குடத்தை எடுத்துப் போனாள். ராத்திரியெல்லாம் அந்த வெள்ளைப் பாட்டில் கண்ணுக்குள்ளேயே இருந்தது. போய்ப் பார்த்தால், மேலே நிற்பதற்குக்கூடத் தெம்பில்லாமல் கெண்டைகள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தன. ஓரத்தில் வெள்ளை வயிறுகள் ஒதுங்கியிருந்தன. உயிர் இருந்தவற்றின் வாய் திறந்தே இருந்தது, மூடவில்லை.

மதனவதி வாய்விட்டு ஒரு சத்தம் போட்டாள். அப்புறம் முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குடத்தில் மொண்டு, தலைக்கு மேல் தூக்கி ஊற்ற ஆரம்பித்தாள். மொண்டாள், தூக்கினாள், ஊற்றினாள். ஐம்பதுக்கு மேல் எத்தனை குடம் என்று அவளுக்கே தெரியவில்லை. தோள் கழன்று விழுகிற மாதிரி இருந்தது. தில்லையம்மாளின் புருஷனும் இன்னும் இரண்டு பேரும் நீட்டியிருந்த பாவு நூலைச் சுருட்டி வைத்துவிட்டு ஓடிவந்து அவரவர் பக்கத்தில் ஊற்றினார்கள். ஊற்றிய இடத்தில் சில மீன்கள் வந்து கூடின. கூடியவற்றில் சில நிமிர்ந்தன. மற்ற இடமெல்லாம் வெள்ளை பரவிக்கொண்டே போனது.

எட்டு மணிக்கு அவளால் முடியவில்லை. படியில் சரிந்து உட்கார்ந்தாள். நெஞ்சு எகிறி எகிறி அடித்தது. மூக்கு போதாமல் வாயை அகலத் திறந்து காற்றை இழுத்தாள். உலகத்தில் வேறு எதுவுமே வேண்டியிருக்கவில்லை, அடுத்த மூச்சு ஒன்றுதான் வேண்டியிருந்தது. அப்போது தில்லையம்மாள் ஒரு டம்ளரில் மோரோடு ஓடிவந்தாள்.

"ஐயோ, விடிஞ்சதுலேர்ந்து வெறும் வயித்தோட ஊத்திக்கினு இருக்கிறியேக்கா! இத்தக் குடி. குடிம்மா" என்று தலையைப் பிடித்து, திறந்திருந்த வாயில் மோரைச் சாய்த்துவிட்டாள்.

விழுங்கவேண்டுமானால் மூச்சை நிறுத்த வேண்டும். அது அந்த நேரத்தில் முடிகிற காரியம் இல்லை. மோர் மூச்சுக்குழலுக்குள் போய் மூக்கு வழியாக வந்தது. கண்ணுக்குள் இருட்டிவிட்டது. செத்தேன் என்றே நினைத்தாள். டம்ளரை ஓங்கித் தட்டிவிட, அது உருண்டு குளத்தில் விழுந்தது.

"மூச்சு வாங்குறது தெரியல உனக்கு?" இருமலுக்கு நடுவே கத்தினாள். "மூச்சுக்குத் தொறந்த வாயில கொண்டாந்து ஊத்துறியே, பாவி!"

தில்லையம்மாள் பயந்துபோய்ப் பின்வாங்கினாள். "நல்லதுக்குத்தானேக்கா குடுத்தேன்" என்றாள், அழுகிற குரலில்.

மதனவதி இருமி முடித்தாள். தான் கத்தியது தன் காதிலேயே நின்றது. நல்லதுக்குத்தான். மாசியிலிருந்து, தினம் சாயங்காலம் நாலரை மணிக்கு, அவளும் நல்லதுக்குத்தான் செய்துகொண்டிருந்தாள். மீன்களுக்காக அழ வேண்டும் என்று இருந்தவளுக்கு அழக்கூடத் தோன்றவில்லை. தில்லையின் கையை மட்டும் ஒரு தடவை பிடித்து விட்டுவிட்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள். அவ்வளவு தூரமும் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்க முடிந்தது.

பகல் எப்படிப் போயிற்று என்று தெரியாது. குளித்தாள். அவருக்குக் காலைக் கஞ்சியைப் பக்கத்தில் வைத்தாள், ஊட்டவில்லை. அவர் பாதி குடித்தார். தான் ஒன்றும் சாப்பிடவில்லை. செத்த மீன்களைக் கூடையில் வாரிப் போகிற சத்தம் தெருவில் கேட்டபோது காதைப் பொத்திக்கொண்டாள். புல்லை மிதித்தால்கூடப் பார்த்து மிதிக்கிற குலத்தில் பிறந்து, ஐந்து புலனும் உள்ள உயிர்களை இத்தனை நூறு கொன்றாயிற்று. அதுவும் புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு. அதை யாரிடம் போய்ச் சொல்லி ஆறுவது?

நாலரை மணிக்குப் பழக்கத்தில் கை கிண்ணத்தை எடுத்துவிட்டது. சோற்றைப் பிசைந்து கொண்டுவந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள். அப்பாண்டை அவள் உட்கார்ந்ததைப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டார். வாயைத் திறந்தார்.

கவளம் வைத்திருந்த கை பாதி வழியில் நின்றது. முதல் தடவையாக அவள் அந்த வாயைப் பார்த்தாள். மார்பு மேலே ஏறியே நின்றது. விலாவுக்கு நடுவே தோல் உள்ளே குழிந்தது. தொண்டைக்குழியும் குழிந்தது. உதட்டோரத்தில் லேசான நீலம்.

"ஏங்க" என்றாள். "சோறு வேணுமா, மூச்சு வாங்குதா?"

அவர் கண்ணைத் திறந்தார். கேள்வி புரியாதவர் போல் கவளத்தையும் அவளையும் பார்த்தார்.

"மூச்சு" என்றார்.

அவள் கவளத்தைக் கிண்ணத்தில் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முதுகுக்கு இன்னொரு தலையணையை வைத்து, முழங்கையை ஊன்றிக்கொள்ள ஒரு மணையைப் போட்டாள். குளிர்காற்று ஆகாது என்று மாசக்கணக்காகச் சாத்தி வைத்திருந்த இன்னொரு ஜன்னலையும் திறந்துவிட்டாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்தாள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு ஊட்டுவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அன்றைக்கு வானம் வெளுத்து வெயில் வந்திருந்தது. எதிர்ச் சுவரில் அது ஏறிக்கொண்டே போனது. ஐந்தரை ஆயிற்று. ஆறாயிற்று. மூடி வைத்த கிண்ணத்தில் ஒரு பருக்கை குறையவில்லை. சுவரின் உச்சியில் ஒரு கோடாக நின்ற வெயிலும் போயிற்று. பக்கத்து வீட்டில் தறிச்சத்தம் நின்றது. மதனவதி மூடிய கிண்ணத்தைப் பார்த்தாள். இனி விடிகிற வரைக்கும் வெறும் வயிறு. சித்திரைக்கு இன்னும் இரண்டே வாரம். பிழை செய்துவிட்டேனோ, வாயைத் திறந்தபோதே நாலு வாய் வைத்திருக்கலாமோ என்று மனசு பழைய வழியிலேயே ஓடிற்று.

அப்பாண்டையின் ஊதல் மெல்ல மெல்ல இறங்கியது. தோள் தணிந்தது. இருட்டு நன்றாகக் கூடி, தெருவில் விளக்குப் போட்டபோது, அவர் கையை நீட்டி அவள் மணிக்கட்டைத் தொட்டார்.

"பசிக்குது" என்றார்.

ஒன்றரை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததே இல்லை.

வெளியே முழு இருட்டு. திருப்பருத்திக்குன்றத்துப் பெரியவர் சொன்ன விலக்கு இப்போது ஞாபகத்துக்கு வந்தது. அதைப் பிடித்துக்கொள்ள அவளுக்குப் பிடிக்கவில்லை. விலக்கு என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள மனசு இல்லை. பாவம் என்றால் பாவமாகவே இருக்கட்டும், இன்றைக்கு எத்தனையோ சேர்ந்துவிட்டது, இது ஒன்றை அறிந்தே சேர்த்துக்கொள்கிறேன் என்று எழுந்தாள். கல்யாணமாகி வந்த இருபத்தெட்டு வருஷத்தில் முதல் தடவையாகப் பொழுது இறங்கிய பின் அடுப்பை மூட்டினாள். கஞ்சி காய்ச்சினாள். ஒரு பூச்சியும் விழாதபடி மெல்லிய துணியால் கிண்ணத்தை மூடி எடுத்துவந்தாள். விளக்கைத் தூரத்தில், கதவோரமாக நகர்த்தி வைத்தாள்.

கிண்ணத்தை அவர் மடியில் வைத்து, ஸ்பூனை அவர் கையில் கொடுத்தாள். தன் கைகளைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள். வெளியே இருந்தால் அவை சும்மா இருக்காது.

அவர் ஒரு வாய் எடுத்தார். விழுங்கினார். ஸ்பூனைக் கிண்ணத்திலேயே விட்டுவிட்டு உதட்டைக் குவித்து ஊதினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு மூச்சு. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் இன்னொரு வாய் எடுத்தார். மறுபடியும் ஊதினார். கால் கிண்ணம் இறங்குவதற்குள் அரைமணி நேரம் ஆயிற்று. ஒரு தடவைகூடப் புரையேறவில்லை.

"ஏங்க" என்றாள் மதனவதி. "இத்தினி நாளா நான் அடைச்சி அடைச்சி ஊட்டினேனே, ஒரு வார்த்த வேணாம்னு சொல்லக் கூடாதா நீங்க?"

அப்பாண்டை சிரிக்கிற மாதிரி உதட்டை அசைத்தார். பதில் சொல்ல அவருக்கு மூன்று மூச்சு பிடித்தது.

"சொல்லத்தான்... வாயைத் தொறப்பேன். அதுக்குள்ள... அடுத்த வாய்... வந்துடும்."

மதனவதி புடவையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். காலையிலிருந்து வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் அவளைச் சமாதானப்படுத்தவில்லை, அதற்கு அவரிடம் மூச்சு இல்லை. அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு, அவசரப்படாமல் நாலு மூச்சு விட்டுவிட்டு, அடுத்த வாயைத் தானே எடுத்துச் சாப்பிட்டார்.